வாசல் செடிக்கு வயல் மருந்து வேண்டாம்!
வீட்டுச் செடிகளில் பூச்சி: கை, தண்ணீர், சோப்பு, வேப்பெண்ணெய் போதும்

"ஐயா, எங்கள் வீட்டு வாசலில் செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலை, நாலு தொட்டி ரோஜா வைத்திருக்கிறோம். செம்பருத்தியில் குருத்து முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. இலை சுருண்டு, மொட்டு உதிர்கிறது. பருத்திக்கு வாங்கிய பூச்சி மருந்து பாதி பாட்டில் மீதம் இருக்கிறது. 'அதையே ஒரு மூடி தண்ணியில கலந்து அடிச்சு விட்டா ஒரே நாள்ல போயிடும்' என்கிறார் வீட்டுக்காரர். பேரப்பிள்ளைகள் அந்த வாசலில்தான் விளையாடுகிறார்கள். அடிக்கலாமா?"

சென்ற இதழுக்குப் பிறகு வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. அதனால், கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்காமல் விரிவாகவே எழுதுகிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடிக்க வேண்டாம் அம்மா. கடைசிப் பேரன் பிடுங்கி வாயில் போடும் துளசி இலை அந்தச் செம்பருத்திக்கு ரெண்டு முழம் தள்ளித்தான் இருக்கும்.

ஏன் கூடாது?

வயலுக்கான மருந்து எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, ஏக்கருக்கு எவ்வளவு, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை என்று கணக்குப் போட்டு அனுமதிக்கப்பட்டது. அந்தக் கடைசிக் கணக்கைத்தான் காத்திருப்புக் காலம் என்கிறோம். வாசல் செடிக்கு அறுவடை நாள் என்று ஒன்று இல்லை. துளசி காலையில் பறிக்கிறோம், கறிவேப்பிலை மதியம் பறிக்கிறோம், செம்பருத்தியை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம். காத்திருக்க நாள் எங்கே இருக்கிறது?

அடுத்தது அளவு. பத்து லிட்டர் டேங்குக்கு இத்தனை மில்லி என்று எழுதியிருக்கும் மருந்தை, ஒரு சொம்புத் தண்ணீரில் 'ஒரு மூடி' கலந்தால் அது பல மடங்கு கூடிப்போகும். செடி கருகும். அடிப்பவருக்கும் ஆபத்து.

மூன்றாவது, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்காகப் பருத்தியில் அடிக்கும் மருந்துகளில் பல, ஊடுருவிப் பாயும் வகை. இலைக்குள்ளேயே போய்விடும். பறித்த இலையை எத்தனை முறை அலசினாலும் உள்ளே போனது வெளியே வராது.

நான்காவது, இடம். வயலில் காற்று வாட்டம் பார்த்து அடிக்கலாம். வாசலில் அடித்தால் திண்ணை, குடிதண்ணீர்க் குடம், கொடியில் காயும் துணி, கோழி மேயும் மண் எல்லாவற்றிலும் படியும்.

மருந்துப் பாட்டில்களில் சாய்ந்த சதுரத்துக்குள் ஒரு வண்ணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில், பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவிலும் சமையல் எண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. பூச்சிகளைக் கொல்வதற்காகச் செய்த மருந்து சமையலறைக்குள் நுழைந்ததுதான் காரணம். வயல் மருந்து வீட்டுப் புழக்கத்துக்கு வரவே கூடாது என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

முதலில் யாரென்று பாருங்கள்

எல்லாப் பூச்சிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. இலையைத் திருப்பி, அடிப்பக்கம் பாருங்கள். முக்கால்வாசிப் பூச்சி அங்கேதான் இருக்கும்.

மாவுப்பூச்சி: வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் குருத்திலும், இலைக் காம்பு சேரும் இடுக்கிலும் இருக்கும். நசுக்கினால் பிசுபிசுக்கும். கேள்வி கேட்ட வாசகியின் செம்பருத்தியில் இருப்பது இதுதான். பருத்தி, வெண்டை, செம்பருத்தி, துத்தி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் பிழைக்கும். துத்தியிலும் பார்த்தீனியத்திலும் கூடத் தங்கியிருக்கும்.

அசுவினி: பச்சையாகவோ கறுப்பாகவோ, கூட்டம் கூட்டமாகக் கொழுந்தில் அப்பியிருக்கும். கொழுந்து சுருளும்.

வெள்ளை ஈ: செடியைத் தட்டினால் வெள்ளைப் பொடி பறப்பது போல் கிளம்பி, திரும்பவும் வந்து உட்காரும்.

செதில் பூச்சி: தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்பு நிறப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும். பலரும் இதைப் பூச்சி என்றே நினைப்பதில்லை.

சிவப்புச் சிலந்தி: கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இலை மேல் ஊசியால் குத்தியது போல் வெளிர்ப் புள்ளிகள் தெரியும், முற்றினால் மெல்லிய நூலாம்படை கட்டும். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் அது சிலந்தி. கோடையில், தூசு படிந்த செடியில்தான் இது அதிகம்.

எறும்பு ஏறுகிறதா?

மாவுப்பூச்சி, அசுவினி, சில செதில் பூச்சிகள் எல்லாம் செடியின் சாற்றைக் குடித்துவிட்டு, இனிப்பான ஒரு கழிவை வெளியேற்றும். இலை பிசுபிசுவென்று இருப்பது அதனால்தான். அதன் மேல் கரிப்பொடி தூவினாற்போல் படர்வது கரும்பூஞ்சணம். அந்த இனிப்புக்காக எறும்பு வரும். வந்த எறும்பு சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். இளம் பூச்சிகளைக் கிளை விட்டுக் கிளை தூக்கிக்கொண்டு போகவும் செய்யும். மாட்டுக்குக் காவல் நிற்கும் மேய்ப்பன் மாதிரிதான்.

அதனால், எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. சர்க்கரை டப்பாவை நாம் எப்படிக் காப்பாற்றுகிறோம்? தண்ணீர்த் தட்டில்தானே வைக்கிறோம். தொட்டிச் செடிக்கும் அதேதான். அகலமான தட்டில் செங்கல்லை வைத்து, அதன் மேல் தொட்டியை வைத்துத் தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். செடியின் கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக் கூடாது, எறும்பு அந்த வழியாக வந்துவிடும். தட்டுத் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். இல்லையென்றால் டெங்கு கொசு அதில் முட்டையிடும். தரையில் நட்ட செடிக்கு, தண்டைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, துணியின் மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள். பட்டை மேல் நேரடியாகத் தடவ வேண்டாம்.

நாலு படி வைத்தியம்

முதல் படி, கை. அதிகம் பாதித்த குருத்தை வெட்டி எடுத்து, சோப்புத் தண்ணீர் வாளியில் மூழ்க வையுங்கள். அல்லது எரித்துவிடுங்கள். குப்பை மேட்டில் வீசினால் அங்கிருந்து திரும்ப நடந்தே வரும். மிச்சத்தை ஈரத் துணியாலோ பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலோ துடையுங்கள். செதில் பூச்சிக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. குரோட்டன்ஸ், மணி பிளான்ட் போன்ற, நாம் சாப்பிடாத செடியாக இருந்தால், பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட் நனைத்துப் பூச்சி மேல் மட்டும் தொட்டு வைக்கலாம். அடுப்பு, விளக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி, தண்ணீர். காலையில், குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்தி வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். அசுவினி, சிவப்புச் சிலந்தி இரண்டும் இதிலேயே பெருமளவு விழுந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை செய்யுங்கள். தொட்டிச் செடியென்றால் மண் கரையாமல் இருக்கத் தொட்டி வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொள்ளுங்கள். துளசிக்கு இந்த இரண்டு படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி, சோப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் காதி சோப்பைச் சீவிப் போட்டுக் கரையுங்கள். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் கட்டி வேண்டாம், இலை கருகும். சோப்புத் தண்ணீர் மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சைக் கரைத்து, உடம்பைக் காயவைக்கும். ஆனால், பூச்சி மேல் பட்டால்தான் வேலை செய்யும். காய்ந்த பிறகு அதற்குச் சக்தி கிடையாது. அதனால் இடுக்கெல்லாம் நனைய அடிக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். மாவுப்பூச்சி கடுமையாக இருந்து, செடியும் சாப்பிடாத செடியாக இருந்தால், மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கலந்து அடிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் உள்ளதுதான்.

நான்காம் படி, வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயைத் தண்ணீரில் நேராக ஊற்றினால் மேலே மிதக்கும். கொஞ்சம் சோப்புக் கரைசலில் முதலில் எண்ணெயை ஊற்றிப் பால் மாதிரி வரும்வரை கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை வெந்துபோகும். தேனீக்கள் பூவில் இருக்கும் நேரமும் அதுதான்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் அடித்த மறுநாள் பூச்சி செத்து விழாது. அதிலுள்ள அசாடிராக்டின், பூச்சியைத் தின்ன விடாமலும், தோல் உரித்து வளர விடாமலும் தடுக்கும். 'அடிச்சேன், ஒண்ணும் கேக்கல' என்று மறுநாளே வேறு மருந்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். முட்டைகள் தப்பித்துப் பொரிந்து வருவதால், வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் தொடர்ந்து செய்யுங்கள். எந்தக் கரைசலாக இருந்தாலும், முதலில் ரெண்டு இலையில் மட்டும் அடித்து ஒருநாள் பாருங்கள். கருகவில்லை என்றால் செடி முழுக்க அடிக்கலாம். கறிவேப்பிலையில் அடித்திருந்தால் ஒரு வாரம் பறிக்காமல் விட்டு, பறித்ததை நன்றாக அலசிப் பயன்படுத்துங்கள்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பகை அல்ல

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதே வெள்ளை நிறத்தில், ஆனால் கொஞ்சம் பெரிதாக, நீளநீளமான மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக ஓடும் ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி போலவே வேஷம் போட்டு, மாவுப்பூச்சியையே தின்னும். 1898-ம் ஆண்டில், காப்பித் தோட்டச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது இந்த வண்டு. மாவுப்பூச்சி மெதுவாகத்தான் நகரும், இது ஓடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நன்மை செய்யும் பூச்சியின் அருமை தெரிய, பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். 2008-ம் ஆண்டு கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட அது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. செம்பருத்தியையும் விடவில்லை. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற, எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. கண்ட மருந்தை அடிக்கும்போது முதலில் சாவது இந்தக் குளவியும் பொறிவண்டும்தான். பூச்சி திரும்பவும் பெருகும்போது அதைத் தின்ன ஆள் இருக்காது.

'இயற்கை'ன்னா எல்லாம் நல்லதா?

இல்லை. புகையிலையை ஊறவைத்து அடிக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. புகையிலையில் உள்ள நிகோடின் கடுமையான விஷம். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். வீட்டுச் செடிக்கு, அதிலும் இலை பறித்துச் சாப்பிடும் செடிக்கு அது வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்த கரைசல் செடியைக் கருக்கும். எறும்பு சாக்பீஸிலும் பூச்சிக்கொல்லிதான் இருக்கிறது. குழந்தை கையில் கிடைத்தால் எழுதும் சாக்பீஸ் என்றுதான் நினைக்கும். தொட்டியைச் சுற்றி அதைக் கோடு போடாதீர்கள்.

வேப்பெண்ணெய்யையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும். சின்னக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி, வலிப்பு வரை போகும். எந்தக் கரைசலையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கைத்தெளிப்பானில் எழுதி ஒட்டி, அதைச் செடிக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

யூரியாவை அள்ளிப் போட்டால் கொழுந்து தளதளவென்று வரும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் ஒரு தொட்டிக்குப் போதும். தொட்டிகளை நெருக்கி அடுக்காமல் காற்று போக இடம் விடுங்கள். நர்சரியிலிருந்து வாங்கி வந்த செடியை ரெண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகு மற்ற செடிகளோடு சேருங்கள். வேலியோரத் துத்தியையும் பார்த்தீனியத்தையும் பிடுங்குங்கள். பருத்தி வயலில் வேலை பார்த்துவிட்டு வந்தால், கை கால் கழுவி, உடை மாற்றிவிட்டு வீட்டுச் செடியைத் தொடுங்கள். மாவுப்பூச்சிக் குஞ்சுகள் துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

வாசகர் கேள்விகள்

கறிவேப்பிலைக் கன்றில் காக்கை எச்சம் போல் ஏதோ ஒட்டியிருக்கிறது. மறுநாள் இலையே காணோம். என்ன அது?

அது எச்சம் அல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, கறிவேப்பிலை இரண்டிலும் வரும். சின்ன வயதில் எச்சம் போலவும், வளர்ந்ததும் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு போல ஒன்றை நீட்டி ஒரு வாடை விடும், கடிக்காது. காலையிலும் மாலையிலும் பார்த்துக் கையால் எடுத்தாலே போதும். பெரிய மரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நாலு புழு தின்று மரம் சாகாது, உங்கள் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரும்.

ரோஜா மொட்டு விரியாமல் ஓரம் கருகிப்போகிறதே?

மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மெல்லிய கீற்று மாதிரி சின்னப் பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். பாதித்த மொட்டுகளைக் கிள்ளி எரியுங்கள். வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய்க் கரைசலை மொட்டு நனைய அடியுங்கள். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைச் செடி உயரத்தில் தொங்க விடலாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை. கடையில் வாங்காவிட்டால், மஞ்சள் பிளாஸ்டிக் டப்பாவில் விளக்கெண்ணெய் தடவித் தொங்க விடுங்கள்.

வீட்டுக்குள் வைத்த தொட்டியைச் சுற்றிச் சின்னக் கொசு பறக்கிறது. கடிக்கவில்லை. ஆபத்தா?

ஆளுக்கு ஆபத்தில்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் தொட்டி மண்ணில் வளரும் ஈ அது. தண்ணீரைக் குறையுங்கள். மேல் மண் ஒரு விரல்கடை ஆழம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். மேலே ஒரு அங்குலம் ஆற்று மணல் பரப்புங்கள். கொஞ்ச நாளில் குறைந்துவிடும்.

வீட்டில் மீதமிருக்கும் வயல் மருந்தை என்ன செய்வது?

வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். வாங்கிய பாட்டிலிலேயே, லேபிளோடு, சமையலறைக்கும் தீவனத்துக்கும் தூரமாகப் பூட்டி வையுங்கள். காலாவதி ஆகும் முன், லேபிளில் சொன்ன பயிருக்கே பயன்படுத்தித் தீருங்கள். சாக்கடை, கிணறு, வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை வயல் டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். அப்போதுதான் அது எண்ணெய்ப் பாட்டிலாக மாறாது.

யாராவது தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், பாட்டிலைக் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மேலே கொட்டிவிட்டால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். பயிர்ச் சந்தேகங்களுக்கு 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.

நாளைக் காலையில் என்ன செய்வது?

கேள்வி கேட்ட அம்மாவுக்கு, வேலைப் பட்டியல் இதுதான். நாளைக் காலை பஞ்சு பிடித்த குருத்துகளை வெட்டிச் சோப்பு வாளியில் போடுங்கள். மிச்சத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி விடுங்கள். எறும்பு ஏறும் வழியை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் சோப்புக் கரைசல். ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தொன்றாம் நாள் சாயங்காலங்களில் வேப்பெண்ணெய்க் கரைசல். பக்கத்துத் துளசி மேல் படாமல் ஒரு சாக்கை நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வேலையை வீட்டுக்காரரிடமே கொடுக்கலாம்!

செம்பருத்தி வெட்டிய இடத்திலிருந்து திரும்பத் துளிர்க்கும் செடி. மூன்று வாரம் பொறுமையாகச் செய்தால் புதுக் குருத்து சுத்தமாக வரும். அப்படியும் அடங்காமல் போனால், அடியோடு கவாத்து செய்து விடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் அந்த ஒரு செடியை எடுத்துவிட்டு வேறு கன்று வையுங்கள். ஒரு செம்பருத்திக் கன்றுக்காகப் பேரப்பிள்ளைகள் விளையாடும் வாசலில் விஷம் தெளிக்க வேண்டியதில்லை.